புகையிலையை விடுவதற்கும் கூரை வேண்டும்

சுருட்டுக்குப் பெயர்போன உறையூர் இருக்கும் திருச்சியில், புகையிலைப் பழக்கம் என்றதும் ஆண்களின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம். மெல்லுவது, அதக்குவது என்று புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துபவர்களோ 12.8 சதவீதம். அதுவும் வீடுகளில் எடுத்த கணக்கு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையிலோ பேருந்து நிலையத்திலோ இரவைக் கழிக்கும் பெண் அதில் சேரவே இல்லை. நிக்கோட்டின் பசியை மந்தமாக்கும், தூக்கத்தைத் தள்ளிப்போடும். வெட்டவெளியில் படுக்கும் பெண்ணுக்குக் கண்ணயர்வதே ஆபத்து என்பதால், வெற்றிலையோடு மடித்த அந்தப் போயிலைதான் அவருக்குக் காவல். காவலை மாற்றித் தராமல் ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்வது அறிவுரையே ஆகாது.

அமெரிக்காவின் மினசோட்டாவில் புகைபிடிக்கும் வீடற்றோர் 430 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. எல்லோருக்கும் நிக்கோட்டின் ஒட்டுவில்லை தரப்பட்டது. ஒரு பாதியினருக்குக் கூடுதலாக ஊக்க ஆலோசனை. 26 வாரங்களுக்குப் பின் ஆலோசனை பெற்றவர்களில் 9.3 சதவீதமும் மற்றவர்களில் 5.6 சதவீதமும் விட்டிருந்தனர். புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசம் அல்ல. இவர்களால் முடியாது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. வாழும் நிலை மாறாதபோது மருந்தும் பேச்சும் எவ்வளவு தூரம்தான் போகும் என்றே நான் படிக்கிறேன். இந்தியாவில் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்க விதி, லட்சம் பேருக்கு வீடற்றோர் 100 பேர் தங்கும் இல்லம் வேண்டும் என்றது. 2011-இல் சுமார் 8.47 லட்சம் பேர் வாழ்ந்த திருச்சி மாநகருக்கு அது 800 இடங்களுக்கு மேல். பூட்டிய கதவுக்குள் பெண்கள் தூங்கும் இடங்கள் அதில் எத்தனை என்பதுதான் சிகிச்சையின் முதல் கேள்வி.

முதலில் சோறு, பழக்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் உண்டு; ஆனால் புகையிலையால் வாயில் புற்று வந்தவரால் அந்தச் சோற்றை விழுங்க முடியாது. இருக்கும் ஒரே ஆறுதலையும் பறிப்பதா என்ற கேள்வி இன்னும் கனமானது. பறிக்கவே கூடாது. சுருக்குப்பையைச் சோதிப்பதும், விட்டால்தான் இடம் என்பதும் அவரை மீண்டும் தெருவுக்கே துரத்தும். இல்லத்தில் இடம் நிபந்தனையின்றிக் கிடைக்கவேண்டும். விட விரும்புபவருக்கு உதவி அங்கேயே வரவேண்டும். புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கக் கைப்பேசி வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கு வருகிறது. வாசல் இல்லாதவருக்கு அந்தத் திட்டத்தின் செவிலியர் வாரம் ஒரு மாலை இல்லத்துக்கும் படித்துறைக்கும் வரட்டும். வாயைத் திறந்து பார்க்கட்டும். பல் விழுந்த வாய்க்கு நிக்கோட்டின் சூயிங்கம் உதவாது. ஒட்டுவில்லையையோ சப்பும் மாத்திரையையோ கையோடு கொண்டுவரட்டும்.