கத்திக்கு முன் ஸ்கேன்

தங்கவயல் வீடுகளில் இரண்டு மூன்று முறை கரு கலைந்துவிட்டால் பழி மருமகள் தலையில்தான் விழுகிறது. தண்ணீர்க் குடம் தூக்கினாள், ஜாதகம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மகனுக்கு வேறு பெண் பார்க்கத் துணிபவர்களும் உண்டு.

கரு கலையப் பல காரணங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, கருப்பைக்குள் நிற்கும் தடுப்புச் சுவர். பெண் சிசு தாய் வயிற்றில் வளரும்போது இரண்டு குழாய்கள் ஒன்றுசேர்ந்து கருப்பையாகின்றன. நடுவிலுள்ள சுவர் தானாகக் கரைய வேண்டும். சிலருக்குக் கரைவதில்லை. பிறவியிலேயே அமைந்துவிட்ட இதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்?

முன்பெல்லாம் வயிற்றைக் கிழித்து, கருப்பையையும் வெட்டித் தைத்தார்கள். பின்னர் பிரசவமும் பெரும்பாலும் ஆபரேஷன்தான். இன்று பிறப்புறுப்பு வழியாகவே காமிரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, நீரால் கருப்பையை விரித்து, சிறு கத்தரியாலோ மின்சாரத்தாலோ சுவரை வெட்டுகிறார்கள். வயிற்றில் தழும்பில்லை. அநேகமாக அன்றே வீடு திரும்பலாம்.

எளிது என்பதால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மேற்புறம் இரண்டாகப் பிளந்த கருப்பையும் உள்ளிருந்து பார்த்தால் இதே போலத்தான் தெரியும். அதைத் தடுப்புச் சுவர் என்று நினைத்து வெட்டினால் கருப்பை ஓட்டையாகும். பாறையின் கனம் தெரியாமல் வெடி வைக்கும் மேஸ்திரி உண்டா? ஆகவே கருப்பையின் வெளி வடிவத்தையும் காட்டும் முப்பரிமாண ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. முதலில் வேண்டும். வெட்டும்போதும் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வெட்டுவது நல்லது. உள்ளே விட்ட நீர் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்ற கணக்கும் அவசியம். நீர் அதிகமாக ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

வெட்டத்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் பல நாடுகளில் 80 பெண்களிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியாயிற்று. ஆபரேஷன் செய்துகொள்ளும் பிரிவில் 31 சதவீதத்தினரும், செய்யாமல் காத்திருந்த பிரிவில் 35 சதவீதத்தினரும் குழந்தை பெற்றனர். சிறிய ஆய்வு, இதை வைத்து ஆபரேஷனே வீண் என்று சொல்லிவிட முடியாது. பலமுறை கரு கலைந்தவர்களுக்கு அது பயன்படலாம் என்று கருதும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருமுறைகூடக் கலையாதவரிடம், ஸ்கேனில் சுவர் தெரிந்த ஒரே காரணத்துக்காக "நாளைக்கே அட்மிட் ஆகுங்கள்" என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கம்பெனி ஆஸ்பத்திரியின் பழைய வசதி தங்கவயலில் இல்லை. மாரிகுப்பத்தில் ரயிலேறி, ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் பெங்களூர் போகவேண்டியிருக்கிறது. வட்டிக்குக் கடன் வாங்கித் தனியார் நர்சிங் ஹோமில் கட்டுவதற்கு முன் வாணி விலாஸ் போன்ற அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிக் கேட்கலாம். ஸ்கேன் படங்களைக் கையோடு வைத்திருப்பது நல்லது. கணவரும் கூடப் போகட்டும். அடிக்கடி கரு கலையும் தம்பதியரில் ஆணுக்கும் ரத்தப் பரிசோதனை தேவைப்படுவதுண்டு.