அந்த இரண்டு எண்களையும் அச்சிடுங்கள்

பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பொடி எழுத்திலாவது போட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் 20 லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் வாளியில் நடிகரின் சிரிப்பும் வாரண்டி வருடமும்தான் பளிச்சிடுகின்றன. பெயிண்ட் ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

வாளிக்குள் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தண்ணீர், அதில் பால்போலக் கலந்த அக்ரிலிக் பிசின், வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, இடத்தை நிரப்பச் சுண்ணாம்புக்கல் மாவும் டால்க்கும். கெட்டிப்படுத்தச் செல்லுலோஸ், நுரைக்கும் பூஞ்சைக்கும் துளித்துளி மருந்து. இவற்றில் காசு தின்பவை பிசினும் டைட்டானியமும். டைட்டானியத்துக்கான தாதுவான இல்மனைட் நம் தென்கடற்கரை மணலிலேயே கிடக்கிறது, கொல்லம் சவராவில் ஆலையும் இருக்கிறது. ஆனாலும் சரக்கு விலை கூடியதுதான். மலிவு ரகம் என்றால் இவை இரண்டையும் குறைத்து மாவைக் கூட்டுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிசின் போதாவிட்டால், காய்ந்த பூச்சில் மாவுத் துகள்களுக்கு நடுவே காற்று தங்கிவிடும். அந்தக் காற்று ஒளியைச் சிதறடித்துச் சுவரை வெளுப்பாகக் காட்டும். அடிக்கும்போது பழைய நிறம் தெரிகிறதே என்றால், “காஞ்சா சரியாயிடும் சார்” என்பார் பெயிண்டர். சரியாகவும் ஆகிவிடும். ஆனால் ஐப்பசிச் சாரலில் அந்த இடைவெளிகளில் தண்ணீர் ஏறியதும் பட்டி பார்த்த திட்டெல்லாம் மறுபடி எட்டிப் பார்க்கும். வெயில் காலத்தில் சாய்ந்து நின்றால் சட்டை முதுகில் வெள்ளை மாவு.

“தண்ணி நிறைய வாங்குது, நல்ல பெயிண்ட்” என்பதும் வழக்கமான சான்றிதழ். அப்படிக் கெட்டியாக இருப்பது செல்லுலோஸின் வேலை. மலிவு ரக வாளி கனமாக இருப்பதில் கல்மாவுக்கும் பெரும்பங்கு உண்டு.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது, அதை டப்பாவிலும் குறிப்பிட வேண்டும் என்று 2016-ல் விதி வந்தது. அதை அச்சிட முடிந்தவர்களுக்கு இன்னும் இரண்டு எண்கள் பெரிய பாடில்லை: நூற்றுக்கு எத்தனை பங்கு பிசின், எத்தனை பங்கு டைட்டானியம். தொழில் ரகசியம் போய்விடும் என்பார்கள். செய்முறையை யார் கேட்டார்கள்? இந்திய தர நிர்ணய அமைவனம் இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, ஷேட் கார்டைப் புரட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள்.