ஓலையைப் பார்த்த சபையும் ஆளைப் பார்த்த கோர்ட்டும்

எங்கள் திருவெண்ணெய்நல்லூரின் பெருமையே ஒரு வழக்குதான். பெரியபுராணம் சொல்லும் வழக்கு. சுந்தரரின் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து நின்று, ‘இவன் என் அடிமை’ என்கிறார். காட்டிய ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு எங்கள் ஊர்ச் சபைக்கு வருகிறது. கிழிந்தது படியோலை, மூல ஓலை இதோ என்கிறார் கிழவர். பாட்டன் எழுதிய வேறொரு ஓலையை வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்த்த பிறகே சபை தீர்ப்புச் சொல்கிறது.

ஏன் இவ்வளவு நிதானம்? அந்தணர் அடிமையாவது உலகத்தில் உண்டா என்ற திகைப்பு. அதனால் ஆவணம் கேட்டார்கள். நம்ம முப்பாட்டன்களை நிலத்தோடு சேர்த்து விற்று ஓலை எழுதினார்களே, அதை எந்தச் சபை ஒத்துப் பார்த்தது? சாட்சியம் கேட்பதும் ஒரு சாதிச் சலுகை. நம்ப முடியாத ஆள் மீது குற்றம் வந்தால் ஆதாரம் கேட்பார்கள். பிறப்பிலேயே நம்பத் தயாராக இருக்கிற ஆள் மீது வந்தால் கேட்கமாட்டார்கள்.

இது பழங்கதை இல்லை. 2003 ஜூன் 5 இரவு, மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் வீட்டில் புகுந்து கொள்ளையடித்தார்கள். ஐந்து பேரைக் கொன்றார்கள். பெண்களைச் சிதைத்தார்கள். அந்தக் கொடுமையைச் சின்னதாக்க நான் இதை எழுதவில்லை. பிடிபட்ட அறுவரும் நாடோடிப் பழங்குடியினர். 2006இல் நாசிக் செசன்சு கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. 2007இல் பம்பாய் உயர்நீதி மன்றம் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009 ஏப்ரல் 30இல் உச்சநீதி மன்றம் அந்த மூன்று பேரையும் திரும்பத் தூக்குமேடைக்கே அனுப்பியது.

மூன்று நீதிமன்றம். ஆனால் கட்டுக்குள்ளே என்ன இருந்தது? உயிர் தப்பிய பெண், சம்பவம் நடந்த சில நாளிலேயே போலீஸ் வைத்திருந்த போட்டோக்களைப் பார்த்து நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வர் வேறு, தூக்கு வாங்கிய அறுவர் வேறு! நால்வர் மீது வழக்கே நடக்கவில்லை.

நான் பேங்க் குமாஸ்தா. ஐந்நூறு ரூபாய் எடுக்க வருகிற கிழவியின் கைநாட்டைக்கூட அட்டையோடு ஒத்துப் பார்க்காமல் காசு கொடுத்தால் எனக்கு மெமோ வரும். ஆறு உயிரை எடுக்கக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு எந்த மெமோ?

தப்பித்தது எப்படி என்றும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் தூக்குக் கைதியின் சீராய்வு மனுவை நீதிபதிகள் அறைக்குள்ளேயே படித்துத் தள்ளிவிடலாம். வக்கீல் வாய் திறக்க வழியில்லை. 2014இல் முகமது ஆரிஃப் வழக்கில்தான், மூன்று நீதிபதிகள் திறந்த மன்றத்தில் கேட்க வேண்டும், அரைமணி வரை வாதாட விட வேண்டும் என்றார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் இவர்கள் மனுவும் 2018இல் உயிர்பெற்றது. 2019 மார்ச் 5இல் நீதிபதிகள் சிக்ரி, அப்துல் நசீர், எம்.ஆர்.ஷா அமர்வு ஆறு பேரையும் விடுதலை செய்தது. ஆளுக்கு ஐந்து லட்சம் நஷ்டஈடு. தவறிய போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது.

கணக்குப் பார்க்கிறவன் நான். ஏறத்தாழ 16 வருசத்துக்கு ஐந்து லட்சம் என்றால், நாளைக்கு எண்பத்தாறு ரூபாய் வருகிறது.

‘கடைசியில் நீதி கெடச்சிதே’ என்பார்கள் சனநாயகக் கனவான்கள். யாருக்கு? செத்த ஐந்து பேருக்கா? அவர்களைக் கொன்றவன் யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம். கிடைத்தவனைத் தூக்கில் போடுவது, கொன்றவனுக்குச் செய்கிற உபகாரம். இடையில் கயிறு இழுக்கப்பட்டிருந்தால் 2019இல் யாரை விடுதலை செய்திருப்பீர்கள்?

நாசிக் நமக்குத் தூரமில்லை. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1947இல் இங்கே ஒழிந்தது, ஏட்டில். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எங்கே பூட்டு உடைந்தாலும் போலீஸ் ஜீப்பு மொதல்ல நிற்கிற இடம் இருளர் குடிசை. 1993இல் குறவர் இராசாக்கண்ணுவைத் திருட்டு வழக்கு என்று பிடித்துப்போய் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொன்றார்கள். அங்கே அப்பீலும் இல்லை, சீராய்வும் இல்லை. 2016இல் டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தூக்குக் கைதிகளை ஆராய்ந்தபோது நான்கில் மூன்று பேர் பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மதச் சிறுபான்மையினர். பெரும்பாலோர் ஏழைகள். ‘அரிதினும் அரிது’ என்று 1980இல் அளவுகோல் சொன்னார்கள். அந்த அரிதுக்கு மட்டும் நம்ம சேரியின் முகவரி தெரிகிறது.

தூக்கை ஒழி என்பது இரக்கக் குரல் அல்ல தோழர்களே. ஆளைப் பார்த்து எடை போடுகிற கையில் திரும்பப் பெற முடியாத தண்டனையைக் கொடுக்காதே என்கிற உரிமைக் குரல். அதுவரைக்கும், சுந்தரருக்குக் காட்டிய நிதானத்தை ஜீப்பில் ஏற்றப்படுகிற இருளனுக்கும் காட்டு. மூல ஓலையை எடு. ஒத்துப் பார்.