ராஸ் தீவின் தரையை மறுபடி செய்வோம்

போர்ட் பிளேயரின் ஷாதிபூர் வீடுகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து விருந்தாளி வந்தால் இரண்டு இடங்களைக் காட்டாமல் அனுப்புவதில்லை. ஒன்று செல்லுலார் சிறை. இன்னொன்று, அபர்தீன் பக்கம் படகேறினால் சிறிது நேரத்தில் வந்துவிடும் ராஸ் தீவு. 2018 டிசம்பரில் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் வைத்தார்கள். பழகிய வாய்க்கு இன்னும் ராஸ்தான். 1858இல் தொடங்கி 1941 வரை ஆங்கிலேயர் அந்தமானை ஆண்ட தலைமையிடம் அது. இன்று கூரை போன தேவாலயமும், வேர்கள் கவ்விப் பிடித்த சுவர்களும் மிச்சம். வருகிறவர்கள் வேரையும் சுவரையும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். காலுக்குக் கீழே பார்ப்பவர்கள் குறைவு.

பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் யார் எங்கே நின்றார்கள், எங்கே உண்டார்கள், எந்த வாசல் எசமானுக்கு, எந்த வாசல் ஏவலாளுக்கு என்பதைச் சுவரைவிடத் தரைதான் தெளிவாகச் சொல்லும். மழையும் உப்புக்காற்றும் மர வேரும் அந்தச் சாட்சியைத் தின்று வருகின்றன. ராஸ் தீவின் முக்கியமான ஓர் அறையை, அதன் தரையோடு, அளவு பிசகாமல் மறுபடி செய்து வைக்க வேண்டும். தீவின் மீது ஒரு செங்கல்லும் புதிதாக ஏறக்கூடாது. நகல் இக்கரையில், மக்கள் நடந்து பார்க்கும் இடத்தில் இருக்கட்டும்.

நகல் என்றதும் போலி என்று முகம் சுளிப்பவர்கள் இத்தாலியின் பண்டைய பொம்பெயி நகரைப் பார்க்கலாம். அங்கே ஒரு மாளிகையின் தரையில் அலெக்சாந்தரும் பாரசீக மன்னன் தாரியுசும் மோதும் போர்க்காட்சி 1831இல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு கல்துண்டுகள். பின்னர் அதைப் பெயர்த்து நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாளிகையில் வெறும் பள்ளம் மிஞ்சியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ராவென்னா நகரத்து மொசைக் கலைஞர்கள் அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள். மூலத்தைப் படமெடுத்து, ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் வரைந்து, அந்த வரைவை ஈரக் களிமண்ணில் பதித்து, அதே நிறச் சாயல் வரும் கற்களைத் தேடி வெட்டி, ஒவ்வொன்றாகக் கையால் பதித்தார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு வேலை. 2005இல் நகல் பழைய இடத்துக்கு வந்தது. மூலம் நேப்பிள்ஸில் பத்திரமாக இருக்கிறது. அது எந்த அறையில், எந்த முற்றத்தைப் பார்த்துக் கிடந்தது என்பதை இப்போது குழந்தைகூடப் புரிந்துகொள்கிறது.

இங்கிலாந்தின் உட்செஸ்டர் ஊரில் கதை வேறு மாதிரி. அங்குள்ள மாபெரும் ரோமானியத் தரையை மண்ணுக்கடியில் மூடி வைப்பதே அதற்குப் பாதுகாப்பு. 1973இல் கடைசியாகத் திறந்து காட்டினார்கள். அதைப் பார்த்த உட்வர்டு சகோதரர்கள் இருவர் மனம் பறிகொடுத்து, பல ஆண்டுகள் உழைத்து முழு அளவில் ஒரு நகலைச் செய்து முடித்தார்கள். மூலம் புதைந்திருக்கும்போதே ஊரார் அதன் அழகைக் கண்டது அந்த இருவரால்.

நமக்கும் இந்த வேலை புதிதில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா, இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய இடம். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தரைக்கென்றே வாழும் ஊரும் நம்மிடம் இருக்கிறது: ஆத்தங்குடி. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே தரை ஓட்டுக்கு வந்துவிடும். சூளை இல்லை, கரி இல்லை. பழைய மாதிரியைக் காட்டினால் அச்சுச் செய்து அதே பூவைக் கொண்டுவரக்கூடிய கைகள் அவை. ஊர் வீடுகளில் பழைய தரையைக் கொத்திவிட்டு ஆலை ஓடு பதிக்கும் இந்தக் காலத்தில், அரசின் ஒரு பெரிய பணி அந்தக் கைகளுக்குச் சோறு மட்டுமல்ல, மரியாதையும் தரும்.

வெள்ளைக்கார அதிகாரி நடந்த தரைக்கு எதற்கு இத்தனை செலவு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தத் தீவில் காட்டை வெட்டியதும் கட்டடங்களை எழுப்பியதும் கைதிகளின் உழைப்பு. 1858 மார்ச்சில் கைதிக் குடியேற்றத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் வாக்கருடன் முதல் தொகுதிக் கைதிகள் 200 பேர் வந்திறங்கினார்கள். அதற்குப் பிறகும் கப்பல் கப்பலாக வந்தார்கள். அவர்கள் சுமந்த கல், குழைத்த சுண்ணாம்பு அது. செல்லுலார் சிறைக்கு அருகிலேயே அந்த நகல் அறை அமைந்தால், கொட்டடியைப் பார்த்துவிட்டு வருகிறவர், அதே அரசின் அதிகாரிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் அடுத்த பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தமான் வரலாறு முழுதாகும்.

செய்யும்போது கவனம் வேண்டும். கடற்கரை மணலைக் கலவையில் சேர்த்தால் தரையில் உப்புப் பூக்கும். நிறத்துக்காகக் கரையில் கிடக்கும் பவளத்தைத் தொடவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது, தடுப்பதும் நியாயம். இது நிலம் அதிரும் நாடு: 1941 ஜூன் நிலநடுக்கம் ராஸ் தீவையே உலுக்கியது, 2004 டிசம்பர் ஆழிப்பேரலையை யாரும் மறக்கவில்லை. ரோமானியர்கள் கல், செங்கல் தூள், சுண்ணாம்பு என்று அடுக்கடுக்காக இட்ட கனத்த படுகையை இங்கே அப்படியே பின்பற்றத் தேவையில்லை. இன்றைய அருங்காட்சியகங்கள் பழைய மொசைக்குகளை இலேசான அலுமினியப் பலகைகளில் ஏற்றி வைக்கின்றன. வேண்டும்போது கழற்றலாம், ஈரம் ஏறினால் அடியில் பார்க்கலாம். அந்த முறை தீவுகளுக்குப் பொருந்தும்.

முதல் வேலைக்குப் பெரிய பணம்கூட வேண்டாம். மழை ஓய்ந்த மாதங்களில் சருகையும் மண்ணையும் கையால் விலக்கி, ராஸ் தீவின் ஒவ்வொரு அறைத் தளத்தையும் அளந்து, படமெடுத்து, வரைந்து வைக்க வேண்டும். ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரின் கல்லூரி மாணவர்களை, தொல்லியல் அறிந்தவர்கள் மேற்பார்வையில், இதற்குப் பழக்கலாம். எதுவும் அளக்கப்படாமல் கழியும் ஒவ்வொரு பருவமழையும் தரையில் கொஞ்சத்தைக் கொண்டுபோகிறது. பிறகு நகல் எழும்பும்போது வாசலில் ஒரு பலகை வேண்டும்: இது நகல், இந்த ஆண்டில் செய்தது, செய்தவர்கள் பெயர் இவை என்று. முதல் தரையைப் போட்டவர்களின் பெயரை யாரும் எந்தச் சுவரிலும் எழுதவில்லை. இந்த முறை அந்தத் தவறு நடக்க விடக்கூடாது.