சோதனைக் குழாயில் வென்ற மஞ்சள்

மஞ்சள் புற்றுநோயைக் கரைக்கும், கல்லீரலைச் சுத்தம் செய்யும், மூட்டுவலியைப் போக்கும் என்ற நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் என்ற பேதமின்றி இன்று பரவிக் கிடக்கிறது. காரணம் கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: அதில் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறது. அந்தப் பதில் ஒரு நோயையும் குணப்படுத்தாது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவரின் உயிருக்கு அது உலை வைக்கும்.

சோதனைக் குழாயில் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள், அதாவது ஆன்டிஆக்சிடன்ட், உடலிலும் நோயைத் தடுக்கும் என்பது வெறும் ஊகம். அந்த ஊகத்தைப் பின்லாந்தில் மனிதர்களிடமே சோதித்தார்கள். புகைபிடிக்கும் 29,133 ஆண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. ஆன்டிஆக்சிடன்ட் என்று புகழப்பட்ட பீட்டா கரோட்டினை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறையும், அந்த எண்களை நிறுவனங்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டு 2012-இல் பட்டியலை நீக்கியது.

மஞ்சளின் கதையும் இதுதான். அதன் மருத்துவக் குணத்துக்குக் காரணம் என்று சொல்லப்படும் குர்குமின் என்ற வேதிப்பொருள், மஞ்சள்தூளில் ஏறத்தாழ 3 சதவீதமே. புற்றுநோய் ஆய்வுகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த அளவைத் தூளாகவே உண்பதென்றால் தினமும் கால் கிலோவுக்கு மேல் விழுங்க வேண்டும். விழுங்கினாலும் பெரும்பகுதி குடலைத் தாண்டாது. தாண்டும் கொஞ்சத்தையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடும். குர்குமின் பற்றிய ஆய்வுகளை அலசிய மின்னசோட்டா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2017-இல் தெளிவாகவே சொன்னார்கள்: முறையான ஒப்பீட்டுச் சோதனை எதிலும் அது மருந்தாகத் தேறவில்லை. ஆய்வகத்தில் அது தானே ஒளிர்ந்தும் உலோகங்களைப் பற்றிக்கொண்டும், வேலை செய்வதுபோன்ற பொய்த் தோற்றத்தைத் தருகிறது என்றும் எச்சரித்தார்கள்.

முன்னோர் முட்டாள்களா என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் முன்னோர் குழம்பில் சேர்த்தது ஒரு சிட்டிகை. 95 சதவீதம் குர்குமின் வகைப் பொருட்கள் கொண்ட சாற்றைப் பிரித்தெடுத்து, உடல் அதை வெளியேற்றிவிடாதபடி மிளகின் பைப்பரினையும் சேர்த்து அடைத்த மாத்திரை அவர்கள் கண்டறியாத புதுச்சரக்கு. அமெரிக்காவில் மஞ்சள் சார்ந்த கல்லீரல் பாதிப்புக்கு ஆளானவர்களாக 10 பேரை மருத்துவர்கள் 2022-இல் பதிவு செய்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்தார். பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடியது. வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின் அவற்றில் ஒன்று.

மஞ்சள் காப்புரிமையை நாம் வென்றோமே என்பது அடுத்த வாதம். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்ததால் 1997-இல் ரத்தானது உண்மை, பெருமைக்குரியதும்கூட. ஆனால் அங்கே நிரூபிக்கப்பட்டது அந்தப் பயன்பாடு பழையது என்பது மட்டுமே. மஞ்சள் நோயைத் தீர்க்கும் என்று அந்த வழக்கு தீர்ப்புச் சொல்லவில்லை.

மஞ்சளின் தாவரக் குடும்பத்தில் பிறந்த எல்லாவற்றையும் நான் தள்ளவில்லை. கர்ப்பகாலக் குமட்டலை இஞ்சி ஓரளவு தணிக்கிறது என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு. அதை ஏற்கிறேன், ஏனென்றால் கர்ப்பிணிகளுக்கே கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மஞ்சளுக்கும் அதே அளவுகோலைத்தான் கேட்கிறேன்.

புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தார் கூடி, கீமோவுக்குப் பதில் மஞ்சளைச் சிபாரிசு செய்யும்போது, கட்டி வளர்வதற்குக் காலம் கொடுக்கிறார்கள். அன்பு காட்டுவதாக நினைத்துச் செய்யும் இந்தக் கேட்டை நிறுத்துங்கள். மஞ்சள் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நோயைத் தீர்க்கும் என்று மேடையிலும் யூடியூபிலும் முழங்குபவரிடம், எத்தனை நோயாளிகளிடம் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராதவரை, மஞ்சள் சமையலறையிலேயே இருக்கட்டும்.