வட்ட முகமும் வெட்டும் கத்தரியும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்றார்கள் பெரியோர். அந்தச் சிரசின்மேல் விளைவதைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவதா என்று நம் பேராசிரியர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். நாட்டு நலம், மொழி வளம், மகளிர் உயர்வு எல்லாவற்றையும் நண்பர்கள் முன்பே பங்கிட்டுக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது முடிதான்.

என் முகம் வட்டம். பெண்ணுக்கு வட்ட முகம் அமைந்தால் முழுமதி என்று பாடுகிறோம். ஆணுக்கு அமைந்தால் பாடுவாரில்லை. பிரானூர் பார்டருக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு உவமைக்கா பஞ்சம்? முதலாண்டில் வகுப்பு எனக்குச் சூட்டிய பெயர் 'பரோட்டா'.

அந்த வருத்தத்தில் ஒரு காரியம் செய்தேன். கைப்பேசியில் ஒரு நடிகரின் படத்தை எடுத்துக்கொண்டு, பேருந்தேறி, என்னைத் தெரியாத ஓர் ஊரில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். "இதே மாதிரி" என்றேன். அவரும் இதே மாதிரி வெட்டினார். நெற்றியை மறைத்து முன்முடி விழுந்தது. காதோரம் புசுபுசுவென்று நின்றது. கண்ணாடியில் பார்த்தால், மூடி போட்ட பானை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு கணம் பார்த்தார். திட்டவில்லை. "அந்த நடிகன் மூஞ்சி நீளம்லா? ஒனக்கு எப்பிடில பொருந்தும்? முடியப் பாக்கதுக்கு முன்னால மூஞ்சியப் பாக்கணும்" என்றார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. தென்காசியில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் எங்களுடையது. இரண்டரை ஆண்டுகளாக "அப்பா சொந்தத் தொழில்" என்று மட்டும் சொல்லிவந்தவன், இதை இப்போதுதான் எழுதுகிறேன். வீட்டில் கத்தரியை வைத்துக்கொண்டு பேருந்தேறிய காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

அப்பா சொன்ன கணக்கு எளிது. முடி தொடங்குமிடத்திலிருந்து மோவாய் வரை ஒரு நூலால் அளந்து பாருங்கள். கன்னத்துக்குக் கன்னம் அதே நூலை வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்து, தாடையும் கோணமின்றி வளைந்திருந்தால் வட்ட முகம். அகலத்தைக் குறைக்க எந்தக் கத்தரியாலும் ஆகாது. நீளத்தைக் கூட்டிக் காட்டலாம். எனவே காதோரமும் பக்கவாட்டும் குட்டையாக இருக்க வேண்டும். உச்சியில் இரண்டு விரல் உயரத்துக்கு முடி நிற்க வேண்டும். நெற்றி தெரியட்டும். நேர் வகிடு வேண்டாம். அது முகத்தை இரண்டு சமப் பாதியாக்கி வட்டத்தை அடிக்கோடிட்டுக் காட்டும். பக்க வகிடு எடுத்தால் பார்ப்பவர் கண் சாய்வாக மேலே போகும். கிருதா நேராக இறங்கலாம், கன்னத்தில் பரவக் கூடாது. தலை முழுவதும் ஒரே அளவில் மெஷின் ஓட்டச் சொல்லுகிறவர்களுக்கு மட்டும் அப்பா பதிலே சொல்வதில்லை, பெருமூச்சு விடுவார்.

இதற்குச் சான்று வேண்டுமானால் கார்த்திகை, மார்கழியில் குற்றாலத்துக்கு வாருங்கள். ஐயப்ப பக்தர்கள் பேரருவியில் நீராடிச் செங்கோட்டை வழியாக மலைக்குப் போவார்கள். தாடி வளர்ந்த முகமெல்லாம் நீண்டு, முனிவர் களை தட்டும். மாலை கழற்றியதும் சலூனில் வந்து மழித்துக்கொள்வார்கள். துணியை உதறி எழும்போது அதே ஆள் குழந்தை முகத்தோடு நிற்பார்! மோவாயில் கொஞ்சம் தாடி விட்டால் வட்டம் நீளும் என்பதற்கு இதைவிட விளக்கம் எதற்கு?

குற்றாலம் இன்னொன்றும் காட்டும். ஆனி, ஆடிச் சாரலில் ஐந்தருவியின் கீழே நின்றுவிட்டு வெளியே வருகிறவர்களைக் கவனியுங்கள். ஜெல்லும் இல்லை, மெழுகும் இல்லை. ஒட்டிக்கிடக்கும் முடியும் முகமும்தான். துவட்டிவிட்டுக் கையால் கோதினாலே நன்றாக அமர்கிற வெட்டுதான் நல்ல வெட்டு என்பது என் துணிபு. கண்ணாடி முன் அரைமணி நேரம் கேட்கிற வெட்டு, கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளத்தக்க செல்வர்களுக்கு.

நடிகரைப் பார்த்து வெட்டுவது நாம் கண்டுபிடித்த நோயுமன்று. குடுமியை விட்டுக் கிராப்புக்கு வந்த நாட்டில், 1944இல் 'ஹரிதாஸ்' வந்த காலத்தில் பாகவதர் கிராப்பு என்று அலைந்தார்கள். அப்பா தொழில் பழகிய 1980களில் ஸ்டெப் கட்டிங். காதை மூடிய அந்தக் கட்டிங்கில் வட்ட முகக்காரர்கள் பட்ட பாட்டை அக்காலத்துத் திருமணப் புகைப்படங்களில் இன்றும் காணலாம். (நம் பேராசிரியர்களின் ஆல்பங்களையும் சேர்த்தே சொல்கிறேன், மன்னிக்க.)

கண்ணாடிக்கு முன் நாம் காட்டுவது ஒரு படம். கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரோ ஆயிரம் தலைகளைப் பார்த்தவர். அவரிடம் "எனக்கு எது பொருந்தும்?" என்று கேட்பவர் எத்தனை பேர்? பலசரக்குக் கடைக்காரரை 'அண்ணாச்சி' என்று அழைக்கிற நம் சீமையில், மீசை முளைக்காத பிள்ளைகள்கூட என் அப்பாவை ஒருமையில் அழைப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அக்காலத்தில் புண்ணுக்கு மருந்திட்டவர்களும் கட்டியைக் கீறி ஆற்றியவர்களும் இத்தொழிலினரே. பேறு பார்த்தவர்கள் இவ்வீட்டுப் பெண்கள். அரசின் சாதிப் பட்டியலில் இன்றும் 'மருத்துவர்', 'நாவிதர்' என்ற இரு பெயர்களும் ஒரே வரியில் நிற்கின்றன. ஒரு பெயர் மரியாதைக்கு ஏறிப்போனது, மற்றது திண்ணைக்குக் கீழேயே நின்றுவிட்டது. இப்போது என் வகுப்பு நண்பர்களே ஒருமையில் அழைத்தால் தாங்குவேனா என்ற அச்சத்தில்தான் இரண்டரை ஆண்டு வாய் திறக்காமல் இருந்தேன்.

பானை மூடி வளர்ந்து மறைய இரண்டு மாதமாயிற்று. பிறகு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு எது பொருந்தும்ப்பா?" என்று கேட்டேன். அவர் உடனே கத்தரியை எடுக்கவில்லை. என் மோவாயைப் பிடித்து இடமும் வலமும் திருப்பி வெகுநேரம் பார்த்தார். இருபது ஆண்டுகளாக வீட்டில் பார்த்த முகத்தை அன்றுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இப்போதும் சிலர் என்னைப் பரோட்டா என்றுதான் அழைக்கிறார்கள். அவர்களில் மூவர் போன வாரம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, எங்களுக்கும் பாத்து வெட்டிவிடுங்க" என்றார்களாம். வர விரும்புவோர் வரலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் கடை விடுமுறை.