சேர்க்கைக் கடிதம் பரிசா, விலைச்சீட்டா?

கடந்த மாதம் ஒரு மாலையில் எங்கள் தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவர் கையில் இரண்டு ஆவணங்கள். ஒன்று, பொறியியல் பட்டதாரியான அவருடைய மகனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அனுப்பிய எம்.எஸ். சேர்க்கைக் கடிதம். மற்றொன்று, அவர் குடியிருக்கும் வீட்டின் பத்திரம். கல்விக் கடனுக்கு அந்த வீட்டை வங்கி அடமானமாகக் கேட்டிருந்தது. 'கையெழுத்துப் போடலாமா சார்?' என்றார்.

நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: 'படிப்புக்குப் பல்கலைக்கழகம் பணம் தருகிறதா, நாம் தருகிறோமா?' அப்படி இரண்டு வகை உண்டு என்பதே அவருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

இது அவர் ஒருவரின் நிலை அன்று. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்ததாக 'ஓப்பன் டோர்ஸ்' அறிக்கை கூறுகிறது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சீனாவை முந்தி இந்தியா முதலிடம் பெற்ற ஆண்டு அது. அவர்களில் 1,96,567 பேர் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகளில் சேர்ந்தவர்கள். இவர்களுள் கணிசமானோருக்குப் பின்னால் ஒரு கடன் பத்திரம் இருக்கிறது.

பொருளியல் நோக்கில் எம்.எஸ்., பிஎச்.டி. ஆகிய இரண்டும் வெவ்வேறு சந்தைகள். அமெரிக்கப் பொறியியல் துறைகளில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ அமர்த்தப்படுகிறார். அவருக்குக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் உண்டு. அங்கே முதலீடு செய்வது பல்கலைக்கழகம். எம்.எஸ். மாணவர்களில் பெரும்பாலோர் முழுக் கட்டணம் செலுத்துவோர். அங்கே முதலீடு செய்வது மாணவரின் குடும்பம். முதல் வகை இடம் அரிது. இரண்டாம் வகை இடம் அவ்வளவு அரிதன்று. ஆனால், இரண்டு கடிதங்களும் வாழ்த்துடன்தான் தொடங்குகின்றன.

உதவித்தொகையுடன் இடம் பெற்றவருக்கு முடிவெடுக்க ஏப்ரல் 15 வரை அவகாசம் தரவேண்டும் என்பது அமெரிக்காவின் பெரும்பாலான முதுநிலைக் கல்வி நிறுவனங்கள் ஏற்றுள்ள நெறி. சொந்தப் பணத்தில் படிக்க வருபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முன்பணத்தை விரைந்து செலுத்துமாறு வரும் மின்னஞ்சல்களை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரண்டாண்டுப் படிப்புக்கு ரூ. 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, நான்கு பருவங்களில் சமமாகப் பட்டுவாடா, படிப்பு முடிந்து ஆறு மாதங்களில் தவணை தொடக்கம் என்று கொள்வோம். படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பதால் வட்டியும் இல்லை என்று பல பெற்றோர் எண்ணுகின்றனர். சாதாரண வட்டியாகக் கணக்கிட்டாலே முதல் தவணை வருவதற்குள் ஏறத்தாழ ரூ. 9.6 லட்சம் வட்டி சேர்ந்துவிடும். அதனையும் அசலோடு சேர்த்துப் பத்தாண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் ரூ. 82,000. டாலரில் ஊதியம் பெறுபவருக்கு இது தாங்கக்கூடிய தொகை. ஊர் திரும்பி ஆண்டுக்கு ரூ. 6 லட்சம் ஊதியத்தில் சேர்பவருக்கோ மொத்த மாத வருமானமே ரூ. 50,000தான்.

டாலரில் ஊதியம் பெறும் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? பொறியியல் பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவர் 'ஓபிடி' என்ற பணிப் பயிற்சி அனுமதியில் ஓராண்டும், நீட்டிப்பாக மேலும் இரண்டாண்டுகளும் பணியாற்றலாம். அதன்பின் ஹெச்1பி விசா வேண்டும். ஆண்டு உச்சவரம்பு 85,000. விண்ணப்பங்கள் மிகும்போது குலுக்கல். அதாவது, கடனின் ஆயுள் பத்தாண்டு. பணி அனுமதியின் ஆயுள் மூன்றாண்டு. இந்தப் பொருந்தாமையே இம்முதலீட்டின் மிகப்பெரிய இடர். அதனை வங்கி ஏற்பதில்லை, பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை. அடமானம் வைத்த வீடுதான் ஏற்கிறது.

விதிகளும் நிலையாக இல்லை. 2025 மே இறுதியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் பதிவுகளை அமெரிக்கா நிறுத்தியது. ஜூனில், சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் மீண்டும் தொடங்கியது. செப்டம்பரில் புதிய ஹெச்1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அங்கேயே படித்து விசா வகையை மாற்றிக்கொள்வோருக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட ஒரு மாதம் எத்தனை குடும்பங்கள் உறக்கமின்றித் தவித்திருக்கும்!

ஜெர்மனி மாற்று வழியா? பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால், வாழ்க்கைச் செலவுக்கென ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களிடம் கட்டணம் பெறுகிறது. படிப்பு ஆங்கிலத்தில் அமைந்தாலும் வேலை ஜெர்மன் மொழியில்தான் பெரும்பாலும் அமையும். உள்நாட்டில், 'கேட்' தேர்வெழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் ரூ. 12,400 உதவித்தொகை கிடைக்கிறது. தொகை சிறிதுதான்; ஆயினும் கடன் இல்லை.

செல்ல வேண்டாம் என்பது என் வாதமன்று. சிறந்த ஆய்வகமும் சிறந்த ஆசிரியரும் எங்கிருந்தாலும் தேடிச் செல்லத்தான் வேண்டும். விண்ணப்பத்தை அதற்குரிய உழைப்போடு எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நான் பணியிலிருந்த காலத்தில், ஆலோசனை மையத்தில் தயாரித்த பரிந்துரைக் கடிதத்தைக் கொண்டுவந்து கையெழுத்து மட்டும் கேட்ட மாணவர்கள் பலர். பெயரை நீக்கிவிட்டால் யாருக்கும் பொருந்தும் கடிதங்கள் அவை. எந்தச் சோதனையில் மாணவர் தோற்றார், அதிலிருந்து எப்படி மீண்டார் என்று அவரை அறிந்த ஆசிரியர் எழுதும் நான்கு வரிக்கு உள்ள மதிப்பு அவற்றுக்கு இல்லை. பல ஆலோசனை மையங்களுக்கு வருவாயே, சேரும் மாணவருக்காகப் பல்கலைக்கழகம் தரும் தரகுதான். எங்கே சேரலாம் என்பதற்கு அவர்களிடம் விடை உண்டு. சேரலாமா என்ற கேள்வியை அவர்களிடம் கேட்பதில் பயனில்லை.

அக்கேள்விக்கு விடைதேடக் கல்லூரிகள் உதவ வேண்டும். வேலைவாய்ப்புப் பிரிவுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையேனும் உயர்கல்வி வழிகாட்டலுக்குத் தர வேண்டும். வெளிநாட்டுக் கல்விக் கடன் வழங்கும் வங்கிகள், ஊர் திரும்ப நேர்ந்தால் தவணை என்ன, வருமானம் என்ன என்ற கணக்கையும் தாய்மொழியில் எழுதிக்கொடுத்த பின்னரே கையெழுத்துப் பெற வேண்டும்.

நண்பர் அன்று கையெழுத்திடாமல் திரும்பிச் சென்றார். இரண்டு நாள் கழித்து மகனே வந்தான். தவணைக் கணக்கைத் தானே போட்டு எடுத்துவந்திருந்தான். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருப்பதாகவும், இதற்கிடையில் 'கேட்' தேர்வெழுதப் போவதாகவும், உதவித்தொகை தரும் துறைகளுக்கு இம்முறை தானே விண்ணப்பம் எழுதப் போவதாகவும் சொன்னான். அவன் போவானா, இருப்பானா என்பது எனக்குத் தெரியாது. எப்படியாயினும், வீட்டின் மீது எவ்வளவு சுமை ஏறும் என்பதை அறிந்தே முடிவெடுப்பான்.

கட்டுரையாளர்:
பேராசிரியர் (ஓய்வு), பொருளியல்.